கேட்டையைத் தொடாத நிலா

காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டில் ஒரு விவசாயியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவர் மனைவி கொண்டுவந்து வைத்த கேசரியைத் தின்று முடித்துவிட்டு, அவரைப் பொய்யர் என்று சொன்னவன் நான். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மகளுக்கும் என் தம்பிக்கும் முடிவாகியிருந்த கல்யாணம் அன்றோடு நின்றது. தம்பிக்கு அடுத்த தை மாதமே வேறு இடத்தில் பெண் கிடைத்தது. நெடுங்காட்டுப் பெண்ணுக்குக் கடைசிவரை கல்யாணம் நடக்கவில்லை. மகளின் நட்சத்திரத்தை மாற்றி எழுதி ஏமாற்றப் பார்த்தவர் என்ற பெயரோடு அவள் அப்பா செத்துப்போனார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதாமாதம் பென்ஷன் வருகிறது. இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் வானத்தைப் பார்க்க முடிகிறது.

மூடநம்பிக்கையில் செய்தேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். நம்பிக்கை உள்ளவன் செய்கிற கொடுமைக்கு அவனளவில் ஒரு காரணமாவது உண்டு. எனக்கு அதுவும் இல்லை. நட்சத்திரப் பலன்களில் ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை. கல்லூரியில் இயற்பியல் கற்பித்தது சம்பளத்துக்கு. ஜோசியத்தைக் கிழித்தது என் சொந்தச் சந்தோஷத்துக்கு.

கிழிப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த இடம் விருச்சிகம். வானத்தில் பெயருக்கும் உருவத்துக்கும் பொருத்தமுள்ள கூட்டம் அபூர்வம். மேஷத்தில் ஆட்டைத் தேடினால் கண்தான் வலிக்கும். விருச்சிகம் அப்படியல்ல. ஆனி, ஆடி மாதங்களில் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காரைக்கால் கடற்கரையில் போய் நின்றால் தென்கிழக்கில், கடலுக்கு மேலே, ஒரு தேள் தொங்குவதைச் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். தலைப்பக்கம் வரிசையாகச் சில நட்சத்திரங்கள், அது அனுஷம். நெஞ்சில் சிவப்பாக ஒன்று, இருபக்கமும் மங்கலான இரண்டு துணையோடு, அது கேட்டை. அங்கிருந்து உடம்பு கீழே வளைந்து போய், கடல் புகைக்குள் கொடுக்கைச் சுருட்டி வைத்திருக்கும், அது மூலம்.

கிரேக்கர்கள் இந்தத் தேளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். உலகத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொண்ட ஒரு வேட்டைக்காரனைக் கொட்டுவதற்காக அனுப்பப்பட்டதாம் அது. நம்முடைய மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கிற கூட்டம்தான் அந்த வேட்டைக்காரன். தேள் கிழக்கே எழும்போது அவன் மேற்கே விழுந்துவிடுவான். இருவரும் ஒரே வானத்தில் சேர்ந்து நிற்பதில்லை. மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது நான் எப்போதும் தேளின் பக்கம் நின்றுதான் சொல்வேன்.

நம்மவர்கள் கதையோடு நிற்கவில்லை. கேட்டைக்குச் சேட்டை என்றும் பெயர். செல்வத்துக்கு அதிபதியானவளின் அக்காள், அதாவது மூதேவி. மூத்தவளின் நட்சத்திரம் என்பதால் அதில் பிறந்த பெண்ணுக்கும் மூத்தவர்களுக்கும் ஆகாது என்று ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு புத்திசாலி முடிவுகட்டியிருக்கிறான். கேட்டையில் பிறந்தவள் மருமகளாக வந்தால் புருஷனுடைய அண்ணன் உயிருக்கு ஆபத்து. இதேபோல மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு, விசாகம் கொழுந்தனுக்கு. ஒரு வீட்டில் ஒருவர் விடாமல் பங்குபோட்டுக் கொல்ல ஆகாயத்தில் ஏற்பாடு. கொலைகாரி எப்போதும் வெளியிலிருந்து வருகிற பெண். கேட்டையில் பிறந்த மாப்பிள்ளையால் பெண்ணின் அக்காள் செத்துப்போவாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இதையெல்லாம் மேடையில் நன்றாகச் சொல்வேன். "அந்தச் சிவப்பு நட்சத்திரத்திலிருந்து வெளிச்சம் வந்து சேரவே பல நூறு வருஷம் ஆகிறது. அங்கிருந்து குறிபார்த்து நம்மூர்க் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அண்ணனை மட்டும் அடிக்கிறதாம்" என்பேன். கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பொருத்தம் பார்ப்பார்கள். அவர்களைவிட நான் உயர்ந்தவன் என்ற நினைப்பு எனக்குச் சோறு மாதிரி. ஒரு வேளை இல்லாவிட்டாலும் பசிக்கும்.

கேட்டைதான் நான் முதலில் அடையாளம் கண்ட நட்சத்திரம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். மாங்கனி இறைப்பது ஆனிப் பௌர்ணமியில். அதற்கு முன்னால், கோயிலில் நடக்கிற அம்மையார் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. அந்த வருஷம் மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், ஊர்வலம் கிளம்புகிற நேரத்தில், ஊர் முழுவதும் மின்சாரம் போய்விட்டது. பந்தல் விளக்கு, கடை விளக்கு எல்லாம் அணைந்து, ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். நான் தலையைத் தூக்கினேன். பௌர்ணமிக்கு இன்னும் முழுதாக நிறையாத நிலா. அதற்குச் சற்றுக் கீழே, அது தொடப்போவதுபோல, சிவப்பாக ஒரு பொட்டு. புத்தகத்தில் பார்த்திருந்த படம் சட்டென்று வானத்தில் விரிந்தது. தெருவில் அத்தனை பேர் இருந்தும் அது எனக்கு மட்டும் தெரிந்தது. நான் கெட்டுப்போனது அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தம்பி எனக்கு மிகவும் பின்னால் பிறந்தவன். அப்பா போனபிறகு நான்தான் அவனுக்கு அப்பா மாதிரி; அதாவது அவனிடம் கேட்காமல் எல்லாம் செய்வேன். நாங்கள் காரைக்கால் கோவில்பத்தில் குடியிருந்தோம். அவன் டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போய்வந்தான். நெடுங்காட்டிலிருந்து தட்டச்சு வகுப்புக்கு வருகிற ஒரு பெண்ணை பஸ்ஸில் பார்த்திருக்கிறான். பேசியிருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அம்மாவிடம், "அந்த எடத்துல கேட்டுப் பாரும்மா" என்றான். வாழ்க்கையில் அவனாக வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

ஜாதகம் வந்தது. அனுஷம், நாலாம் பாதம். எங்கள் வீட்டு ஜோசியர் பொருத்தம் பார்த்துப் பேஷ் என்றார். அம்மா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்; பெண்ணும் பிடித்துவிட்டது. பூ வைக்கிற நாளைப் பேசி முடிக்க அம்மா, தம்பி, நான், என் மனைவி, ஜோசியர் எல்லோரும் நெடுங்காட்டுக்குப் போனோம்.

பெண்ணின் அப்பாவை எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. கெட்டவராக இருந்தால் பிடித்திருக்கும். அவர் தன் நேர்மையைப் பற்றிப் பேசுகிற ஆள். வாய்க்காலில் தன் முறை வராமல் தண்ணீர் திருப்பியதில்லை என்றார். யாரிடமும் கைநீட்டியதில்லை என்றார். பிறகு ஜோசியரைப் பார்த்து, "ஜாதகம் எங்கப்பா கணிச்சதுங்க. இப்பல்லாம் பொண்ணு பெத்தவங்க மாத்தி மாத்தி எழுதுறாங்க. அந்தப் பழக்கம் நம்ம வீட்டுல கெடையாதுங்க" என்றார். நானும் ஜோசியரைப் பார்த்தேன். அவர் கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அம்மா கலகலவென்று பேசுகிறவர். காப்பி கொண்டுவந்து வைத்தவர் அப்படியே நின்று மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"இவ பொறந்தது மாங்கனி சமயம்ங்க. மாப்பிள்ளை அழைப்பு அன்னிக்கு. ஊரே கரண்டு போயி இருட்டுல கெடந்துச்சே ஒரு வருஷம், ஞாபகம் இருக்குங்களா? ஆஸ்பத்திரில அரிக்கேன் வௌக்கப் புடிச்சிகிட்டு நர்ஸம்மா என்னத் திட்டுது, ஒனக்கு வேற நேரமே கெடைக்கலியாடின்னு. நானா நேரம் பாத்தேன்? இவ பாத்தா!"

எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாகூடச் சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

நான் சிரிக்கவில்லை. எனக்குள் ஏதோ துள்ளியது. யாருக்கும் தெரியாத ஒன்று மறுபடியும் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"கரண்டு போன நேரத்துலயா பொறந்தாங்க?" என்று கேட்டேன்.

"அந்த இருட்டுலதாங்க."

"அப்ப இவங்க அனுஷம் இல்லையே."

பெண்ணின் அப்பா புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் தெருவுல நின்னேன். நிலா எங்க இருந்துச்சுன்னு என் கண்ணால பாத்தேன். கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. ஒட்டிக்கிட்டு. அது கேட்டை."

"இல்லீங்க சார். அனுஷம் நாலாம் பாதம்ங்க. பஞ்சாங்கத்துல..."

"பஞ்சாங்கம் காகிதம். நான் சொல்றது வானம்."

ஜோசியர் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவருக்கு விடை தெரியும். தன் தொழிலின் அரிச்சுவடி அது. ஆனால் காரைக்காலில் பாதிப் பேருக்கு நான் வாத்தியார். என்னை எதிர்த்துப் பேசினால் நாலு வாடிக்கை போகும். அவர் தொண்டையைச் செருமினார். "போட்டுருக்கறது அனுஷந்தான். ஆனா பாருங்க, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நாழிகை வித்தியாசம் உண்டு. ரெண்டு நட்சத்திரம் சந்திக்கிற எடம். சாரே கண்ணால பாத்துருக்காங்கன்னா..." என்று இழுத்து, வாக்கியத்தை முடிக்காமலே காப்பியை எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எத்தனையோ ஜோசியர்களில் அவரைப்போல வளைகிறவரைப் பார்த்ததில்லை. அவர் வளைந்தது எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் அதைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. பெரிய மனது உள்ளவன்போலச் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்கு அண்ணன் இருக்கிற எடம். கேட்டைன்னு சொன்னா யாரும் கட்டமாட்டாங்க. அதனால பக்கத்து நட்சத்திரத்துக்கு நகத்திட்டீங்க. ஊர்ல எல்லாரும் செய்யறதுதான். ஒத்துக்குங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவர் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், நீங்க படிச்சவங்க. ஏதோ தப்பா பாத்துருக்கீங்க" என்றார்.

"நிலாவ யாரும் தப்பா பாக்க முடியாது" என்றேன்.

கேட்டை என்ற சொல் விழுந்த இடத்திலேயே என் அம்மா தட்டைக் கீழே வைத்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தாள். "மூத்த புள்ளையக் காவு குடுத்துட்டு எனக்கு ஒரு மருமவ வேணுமா? அந்தப் பேச்சே இனிமே எடுக்கக்கூடாது."

தம்பி என்னிடம் வந்தான். "அண்ணே, நீதானே இதெல்லாம் பொய்யின்னு சொல்லுவ. அம்மாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு, போதும்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். சாகப்போவதாகச் சொல்லப்பட்டவன் நான். நான் சிரித்துவிட்டால் அம்மா அடங்கிவிடுவாள். நான் சொன்னது இது: "நட்சத்திரம் கெடக்கட்டும்டா. பொய் சொல்ற குடும்பம். அதான் எனக்குப் புடிக்கல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை காலம் யோசித்திருக்கிறேன். கண்டுபிடித்ததன் பெருமையை விட மனசில்லை என்பது ஒன்று. எனக்காக அம்மா அழுதது சுகமாக இருந்தது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் ஒரு துளி பயமும் இருந்தது. ஒளியின் வேகம் தெரிந்த, ஊரையே பார்த்துச் சிரித்த எனக்கு, ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்று தோன்றியது. என் மாணவர்களில் அப்படி ஒருவன் சொல்லியிருந்தால் வகுப்பிலேயே நாறடித்திருப்பேன்.

சில வாரம் கழித்துப் பெண்ணின் அப்பா கல்லூரிக்கே வந்தார். மஞ்சள் பையில் அந்த வருஷத்துப் பழைய பஞ்சாங்கம் இருந்தது. எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார். "ஒரு தடவ பாருங்க சார். பாத்துட்டு உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. கல்யாணம் நடக்கலன்னாலும் பரவால்ல. நான் மாத்தலன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சக ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பஞ்சாங்கத்த வச்சு வானத்த நிரூபிக்க வந்திருக்கார்" என்று அவர்களிடம் சொன்னேன். ஆசிரியர் அறை சிரித்தது. அவர் பையை மடித்துக்கொண்டு போனார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஜோசியர் வாய் சும்மா இருக்குமா? கேட்டைப் பெண், அதை மறைத்த அப்பா என்று விஷயம் நெடுங்காடு தாண்டிப் போய்விட்டது. கேட்டை என்பதை மட்டும் சொல்லியிருந்தால் அண்ணன் இல்லாத ஒருவன் கிடைத்திருப்பான். ஏமாற்றுக்காரக் குடும்பம் என்ற பெயருக்குப் பரிகாரம் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் காப்பி குடித்துவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. அவள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். இதெல்லாம் எனக்குக் காற்றுவாக்கில் வந்தது. நான் தூக்கம் கெட்டதாக ஞாபகம் இல்லை.

ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆனபிறகு, கோவில்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். இப்போது பிள்ளைகள் கைப்பேசியை வானத்துக்குக் காட்டினால் அதுவே பெயர் சொல்கிறது. அதே கைப்பேசியில் அவர்களுடைய அப்பா அம்மா, கேட்டை, மூலம், ஆயில்யம் தவிர என்று தட்டிவிட்டு மருமகள் தேடுகிறார்கள். ஆகவே இந்தத் தடவை ஜோசியத்தை அதன் வீட்டுக்குள்ளேயே போய் அடிப்பது என்று முடிவுசெய்தேன். அதற்காக, வாழ்க்கையில் முதல்முறையாக, பஞ்சாங்கம் எப்படிக் கணக்கிடுகிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

விஷயம் எளிமையானது. நிலா போகிற பாதையை இருபத்தேழு சம துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர். ஆனால் வானத்து நட்சத்திரங்கள் சம தூரத்திலா நிற்கின்றன? சில தன் துண்டுக்குள் இருக்கும். சில வெளியே நிற்கும். ஓர் ஊரின் பெயரை எழுதிய பஸ் நிறுத்தம் பக்கத்து ஊர் எல்லைக்குள் இருப்பதுபோல. வட்டம் போட்டு, வெட்டி, தேளின் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தேன். சிவப்புக் கேட்டையைக் குறித்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அது கேட்டைத் துண்டிலேயே இல்லை. வாசலுக்கு வெளியே, அனுஷத்தின் கடைசி ஓரத்தில் நின்றது.

மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இங்க பாரு. இவனுங்க கேட்டை நட்சத்திரம் இவனுங்க கேட்டைலயே இல்ல. அனுஷத்துல நிக்கிது. இத வச்சிகிட்டுதான் ஊர்ல பொண்ணுங்கள ஒதுக்குறானுங்க. நாளைக்கி மேடையில வச்சுக் கிழிக்கிறேன்" என்றேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப நிலா அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருந்தா என்னன்னு போடுவாங்க?"

"தொடறதுக்கு முன்னாடின்னா அனுஷம். நாலாம் பாதம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. அவள் உருவிய காம்பைத் தட்டில் போட்டாள். "நெடுங்காட்டுக்காரரு அதத்தான் சொன்னாரு, ஏங்க" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கண்ணால் பார்த்தது உண்மை. நிலா கேட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, தொடப்போவதுபோல. தொடவில்லை. நான் கேவலமாக நினைத்த ஒன்றை, கேவலம் என்பதாலேயே படிக்காமல் இருந்தேன். படிக்காமலே அதன் பெயரால் தீர்ப்பும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் காய்ச்சல், வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெடுங்காட்டுக்குப் போனேன். அதே வீடு. அதே கூடம். சுவரில் அவள் அப்பாவின் படம். தலை பாதி நரைத்த ஒருத்தி வந்து கதவைத் திறந்தாள். அன்று கதவுக்கு அந்தப் பக்கம் சிரித்த, நான் சரியாகப் பார்க்காத முகம். நான் யார் என்று சொன்னேன்.

"தெரியும். உக்காருங்க" என்றாள்.

நாற்காலியைக் காட்டினாள். தண்ணீர் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கடன்காரனுக்குக்கூட ஒரு செம்புத் தண்ணீர் வரும்.

நான் காகிதத்தை எடுத்து வட்டம் போட்டேன். இத்தனை துண்டு, இது அனுஷம், இது கேட்டை, சிவப்பு நட்சத்திரம் இங்கே, அன்றைக்கு நிலா இங்கே. உங்கள் அப்பா சொன்னது சரி. நீங்கள் அனுஷம்தான். பாடம் நடத்துவதுபோலவே நடத்திவிட்டேன்; வேறு விதமாகப் பேச எனக்கு வராது. மன்னிப்பும் கேட்டேன்.

அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

"ஒண்ணு கேக்கறேன் சார். நான் கேட்டையாவே இருந்திருந்தா நீங்க செஞ்சது சரிங்களா?"

நான் பேனாவை மூடினேன்.

"என்னை அனுஷமாக்கிட்டுப் போகத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா? கேட்டைல பொறந்தவளுக்கு இதெல்லாம் வேணுந்தான்னு வச்சிகிட்டு, நான் அவ இல்ல, தப்பாப் புரிஞ்சிகிட்டோம்னு சொல்ல வந்திருக்கீங்க. இன்னமும் அந்தக் கணக்குலதான் நிக்கிறீங்க. ஜோசியக்காரன் தேவல. அவன் வாங்குன காசுக்குச் சொல்றான்."

"தப்புதாம்மா" என்றேன்.

"அம்மா கிம்மான்னு சொல்லாதீங்க. எங்கப்பா மாத்தலன்னு எனக்குத் தெரியும். எனக்கெதுக்கு நீங்க சொல்லணும்? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. நாலு பேர வச்சுத்தானே சொன்னீங்க?"

அவ்வளவுதான். எழுந்து வாசல்வரை வந்தாள். வழியனுப்ப அல்ல, நான் போனதும் கதவைச் சாத்த.

அந்த நாலு பேரில் பாதி செத்தாயிற்று. அம்மா இல்லை. ஜோசியர் இல்லை. மிச்சமிருக்கும் என் சொந்தக்காரர்கள் கல்யாணச் சாப்பாட்டுக்குத்தான் ஒன்றுசேர்வார்கள். தம்பி மகளின் நிச்சயதார்த்தம் காரைக்காலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தம்பி இப்போது புதுச்சேரியில் இருக்கிறான். என்னிடம் மரியாதையாகப் பேசுவான், விருந்தாளியிடம் பேசுவதுபோல. தட்டு மாற்றியானதும் பெரியவர் நாலு வார்த்தை ஆசீர்வாதமாகச் சொல்ல வேண்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள். அந்த மைக்கில் சொன்னேன். என் தம்பிக்கு முதலில் பேசிய இடம், நெடுங்காடு. அந்தப் பெண்ணின் அப்பா நட்சத்திரத்தை மாற்றியதாக நான் சொன்னேன். அவர் மாற்றவில்லை. மாற்றியிருந்தாலும், அவள் எந்த நட்சத்திரமாக இருந்திருந்தாலும், அது எனக்குத் தேவையில்லாத விஷயம். எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வேண்டிய நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தக் கல்யாணத்தை நிறுத்தியது நட்சத்திரம் இல்லை, நான்.

மண்டபத்தில் முதலில் வந்த சத்தம், பாயசம் பரிமாறச் சொல்லலாமா என்று சமையல்காரர் கேட்டது. பின்வரிசையில் ஒருவர், "நல்ல நாளும் அதுவுமா இந்தப் பேச்சு எதுக்குப்பா?" என்றார். பெரியவருக்கு மறதி வந்துவிட்டது என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு தூரத்து உறவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எம் பேத்தி கேட்டை மொத பாதம். நீங்க சொன்ன அந்தக் கணக்குப்படி பாத்தா அனுஷம்னு வருங்களா? கொஞ்சம் போட்டுக் குடுங்களேன். நீங்க சொன்னீங்கன்னா சயின்ஸ்னு எடுத்துக்குவாங்க" என்றார். நான் வட்டம் பற்றி மைக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் மனைவி யாரிடமோ சொன்னது அதற்குள் பந்திவரை வந்திருந்தது. அதற்குப் பிறகும் மூன்று நாலு குடும்பங்கள் ஜாதகத்தோடு வீட்டுக்கு வந்தன. எல்லோரையும் திட்டி அனுப்பினேன். கல் நெஞ்சக்காரன் என்று பெயர் வாங்கினேன்.

தம்பி மனைவி அன்று கை கழுவுமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நல்ல வாய் அவளுக்கு. "அப்ப நான் இந்த வீட்டுக்கு வந்தது உங்க கணக்குப் பிழைலதாங்களா அத்தான்? நல்ல வேளை, நீங்க முன்னாடியே சரியாப் படிக்கல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

தம்பி மண்டபத்தைக் காலி செய்து கொடுக்கிற வரை வேலையாக இருந்தான். வண்டியில் ஏறும்போது மட்டும் திரும்பி, "அன்னிக்கே சொல்லிருக்கலாம்ண்ணே" என்றான்.

மறுநாள் புதுச்சேரிக்குத் திரும்புகிற வழியை விட்டுவிட்டு அவன் நெடுங்காட்டுக்குப் போயிருக்கிறான், மனைவியையும் கூட்டிக்கொண்டு. என்னைக் கூப்பிடவில்லை. பிறகு தம்பி மனைவிதான் தொலைபேசியில் சொன்னாள். போய் உட்கார்ந்தார்களாம். அந்த அப்பாவின் படத்துக்கு முன்னால் இவன் கொஞ்ச நேரம் நின்றானாம். மண்டபத்தில் நான் பேசியதை இவனே அவளுக்குச் சொன்னானாம். அவள், "ஆமா, இங்க எங்க பங்காளிங்க காது வரைக்கும் வந்துடுச்சு. எங்களுக்கு அப்பவே தெரியும்னு இப்ப சொல்றாங்க" என்றாளாம்.

"வேற என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"வேற என்ன, தண்ணி இன்னும் கடமடைக்கு வரல, நாத்து காயுதுன்னு சொன்னாங்க. காப்பி போட்டுக் குடுத்தாங்க அத்தான். நல்லாருந்துச்சு."

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

தம்பி மனைவி கொஞ்சம் யோசித்தாள். "இல்லியே" என்றாள்.